ஒருவரும் கையெழுத்திடாத ஒப்பந்தம்

ஸ்டுட்கார்ட்டில் ஷோர்ன்டோர்ஃப் பக்கம் போகும் எஸ்2 ரயிலைப் பிடித்தால் அரைமணி நேரத்துக்குள் பாய்டெல்ஸ்பாக் வந்துவிடும். ரெம்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு, மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், நடுவில் ஒரு பழைய தேவாலயம். இப்போது வைன்ஸ்டாட் என்ற சிறுநகரத்தின் ஒரு பகுதி. வார இறுதியில் மலைப்பாதையில் நடக்க வருகிறவர்களும் ஒயின் வாங்க வருகிறவர்களும்தான் அங்கே வெளியூர்க்காரர்கள். ஆனால் ஜெர்மனியில் அரசியல் பாடம் எடுக்கும் எந்த ஆசிரியரிடம் வேண்டுமானாலும் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒயினைப் பற்றிப் பேசமாட்டார். மூன்று விதிகளைப் பற்றிப் பேசுவார்.

1970-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் அரசியல் பாடம் பெரிய சண்டையாகிவிட்டது. 1968 மாணவர் போராட்டத்தின் சூடு ஆறவில்லை. அந்தத் தலைமுறை ஆசிரியர்களாகி வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டது. கல்வி அங்கே மாநிலங்களின் கையில். சமூக ஜனநாயகக் கட்சி ஆண்ட ஹெஸ்ஸே மாநிலம் சமூகப் பாடத்துக்குப் புதிய வழிகாட்டு நெறிகளைக் கொண்டுவந்தபோது, பிள்ளைகளுக்கு மார்க்ஸியம் புகட்டுகிறார்கள் என்று கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி கொதித்தது. எந்தக் கட்சி ஆள்கிறதோ அந்தக் கட்சியின் பாடம் என்று ஆகிவிடும் நிலை. அப்போது பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநில அரசியல் கல்வி மையத்தின் இயக்குநராக இருந்த ஸீக்ஃப்ரீட் ஷீலே ஒரு வேலை செய்தார். 1976 இலையுதிர் காலத்தில் இரண்டு தரப்புக் கல்வியாளர்களையும் பாய்டெல்ஸ்பாக்குக்கு வரவழைத்து உட்கார வைத்தார்.

அவர்கள் பேசினார்கள், வாதாடினார்கள், கிளம்பிப் போனார்கள். தீர்மானம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, ஒருவரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. மையத்தில் வேலை பார்த்த ஹான்ஸ்-கேயோர்க் வேலிங் அடுத்த ஆண்டு வந்த மாநாட்டுத் தொகுப்பில், இந்த மூன்றை மட்டும் யாரும் மறுத்ததாகத் தெரியவில்லை என்கிற தோரணையில் எழுதிவைத்தார். அதுதான் பாய்டெல்ஸ்பாக் இணக்கம். அதன் பிறகு வந்த பாடத்திட்டங்களும் ஆசிரியர் பயிற்சியும் அதை அடித்தளமாக எடுத்துக்கொண்டன. ஒரு கூட்டக் குறிப்பு இப்படிச் சட்டம் மாதிரி மதிக்கப்படுவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

முதல் விதி: ஆசிரியர் தனக்குப் பிடித்த கருத்தை மாணவர்மேல் ஏற்றி, அவர் சொந்தமாக முடிவெடுக்க முடியாமல் திணறடிக்கக் கூடாது. இரண்டாவது: ஆய்வுலகத்திலும் அரசியலிலும் எது சர்ச்சையாக இருக்கிறதோ அது வகுப்பிலும் சர்ச்சையாகவே வரவேண்டும். மூன்றாவது: ஓர் அரசியல் சூழலையும் அதில் தன் நலன் என்ன என்பதையும் ஆராய்ந்து, அந்தச் சூழலைத் தன் நலனுக்கேற்ப மாற்ற வழி தேடும் திறன் மாணவருக்கு வரவேண்டும்.

முதல் இரண்டையும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மூன்றாவதைப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். எனக்கு அந்த மூன்றாவதில்தான் கண். அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் ஆசிரியர், அரசாங்கம் கட்டிய பள்ளியில், "உனக்கு எது வேண்டும் என்று கண்டுபிடி, அதை எப்படிச் சாதிப்பது என்றும் கற்றுக்கொள்" என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்கிறார். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் துணிச்சலான ஏற்பாடு.

இந்த ஜாக்கிரதை எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு பழைய கணக்குகள் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் வந்த ஜெர்மன் குடியரசின் சட்டமான, 1919-இன் வைமர் அரசமைப்புச் சட்டத்தில் 148-ஆம் பிரிவு குடிமையியலைப் பள்ளிப் பாடமாக்கியது. பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பிரதியைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. 14 வருடத்தில் ஹிட்லர் வந்தார். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது என்பது முதல் கணக்கு. இரண்டாவது கிழக்கு ஜெர்மனி. அங்கும் குடிமையியல் ஒரு பாடம். ஆனால் விடை முன்கூட்டியே தெரிந்த பாடம். சோஷலிச அரசுக்கு விசுவாசமான ஆளை உருவாக்குவதே நோக்கம். அதைப் படித்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் 1989-ல் லைப்ஸிக் தெருக்களில் அந்த அரசை எதிர்த்த திங்கட்கிழமை ஊர்வலத்தில் நடந்தார்கள் என்பது தனிக் கதை.

நான் தமிழ்நாட்டில் படித்தபோது குடிமையியல் என்பது வரலாறு, புவியியல் எல்லாம் முடிந்து புத்தகத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் சமாச்சாரம். குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் யாவை, ஐந்து மதிப்பெண். மனப்பாடம் செய்தேன், எழுதினேன், மறந்தேன். பஞ்சாயத்துத் தலைவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். அவரைப் பற்றிப் பாடத்தில் பேச்சே வராது.

நான்கு வயதில் எங்களோடு ஜெர்மனிக்கு வந்த மகள் இப்போது கிம்னாஸியத்தில், அதாவது பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் பள்ளியில் படிக்கிறாள். நாங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில் கெமைன்ஷாஃப்ட்ஸ்குண்டே என்று ஒரு பாடம் உண்டு, நம் ஊர்க் குடிமையியல் மாதிரி. எல்லாப் பள்ளிகளிலும் அது முறையான பாடமாக இருக்க வேண்டும் என்று மாநில அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கட்டாய ராணுவ சேவை ஏன் வேண்டும் என்று என்னிடம் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தின வாரம்தான் அதை எதிர்த்து அம்மாவோடு மல்லுக்கு நின்றாள்.

"சீட்டு எடுத்தோம்பா. எனக்கு ஆதரவுப் பக்கம் விழுந்துச்சு" என்றாள்.

யூகெண்ட் டெபாட்டியெர்ட் என்று பள்ளிகளுக்கான விவாதப் போட்டி ஒன்று நாடு முழுக்க நடக்கிறது. அதே முறையை வகுப்பிலும் வைத்துக்கொள்கிறார்கள். கேள்வி எப்போதும் 'செய்ய வேண்டுமா' என்ற வடிவில்தான் இருக்கும். இரண்டு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. ஆளுக்கு இரண்டு நிமிடத் தொடக்க உரை, அப்புறம் பன்னிரண்டு நிமிடம் நடுவர் குறுக்கீடு இல்லாத பேச்சு, கடைசியில் ஆளுக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் புது வாதம் எதையும் கொண்டுவரக் கூடாது. கேட்டதையெல்லாம் வைத்து அதே கேள்விக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டும். மதிப்பெண் நான்கு விஷயத்துக்கு: விவரம் தெரிந்திருக்கிறதா, சொல்லத் தெரிகிறதா, மற்றவர் பேச்சைக் காதில் வாங்கி அதற்குப் பதில் சொல்கிறார்களா, வாதம் ஏற்கும்படி இருக்கிறதா.

முதல்முறை பெற்றோரை அழைத்தபோது நான் பட்டிமன்ற ஞாபகத்தில் போய் உட்கார்ந்தேன். கைதட்டல் இல்லை, ஜோக் இல்லை. அதைவிடப் பெரிய ஏமாற்றம், தீர்ப்பே இல்லை. நடுவர்கள் எந்தப் பக்கம் சரி என்று சொல்லவே இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் எப்படிப் பேசியது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்கள். பட்டிமன்றத்தில் நடுவர் கடைசியில் இரண்டு பக்கத்தையும் தடவிக்கொடுத்து ஒன்றைத் தூக்கிப் பிடிப்பாரே, அந்தச் சுகம் இங்கே கிடைக்காது. வகுப்பு மதிப்பெண்ணில் மகள் குறைவாக வாங்கியது மூன்றாவது விஷயத்தில். எதிரணிப் பையன், "அப்படியானால் பெண்களுக்கும் கட்டாயமா?" என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பதில் சொல்லாமல் தான் எழுதிவைத்திருந்த அடுத்த குறிப்புக்குத் தாவியிருக்கிறாள். வீட்டில் நீங்களும் அதையேதான் செய்வீர்கள் என்று அவள் அம்மா என்னிடம் சொன்னாள். அது இப்போது வேண்டாம்.

அந்தக் கேள்வி வெறும் பயிற்சிக் கேள்வி இல்லை. 2011-ல் நிறுத்திவைத்த கட்டாய ராணுவ சேவை உக்ரைன் போருக்குப் பிறகு மறுபடி பேச்சுக்கு வந்தது. 2025 டிசம்பர் 5 அன்று புதிய ராணுவ சேவைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சேவை இப்போதைக்கு விருப்பம்தான். ஆனால் 2008-லும் அதற்குப் பிறகும் பிறந்த ஆண்பிள்ளைகள் 18 வயதானதும் ஒரு கேள்விப் படிவத்தைக் கட்டாயம் நிரப்பி அனுப்ப வேண்டும். அதே நாளில் பல நகரங்களில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வீதிக்கு வந்தார்கள்.

இங்கேதான் மூன்று விதிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. ராணுவத்தின் இளைஞர் அதிகாரிகள் பள்ளிகளுக்கு வந்து பாதுகாப்புக் கொள்கை பற்றிப் பேசுவது 1958-லிருந்து நடக்கிறது. அவர் வரலாம், ஆனால் இரண்டாவது விதிப்படி எதிர்த்தரப்பின் வாதமும் வகுப்புக்குள் வந்தாக வேண்டும். சரி, அதைச் செய்துவிட்டார்கள். மூன்றாவது விதியை என்ன செய்வது? தன் நலனை ஆராய்ந்த ஒரு பையன், "எனக்கு இது வேண்டாம், ஊர்வலம் போகிறேன்" என்றால்? அது பள்ளி நேரம். பள்ளிக்கு வருவது சட்டப்படி கட்டாயம்.

மகளின் ஆசிரியர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு கூட்டம் கூடும் உரிமை தருகிறது, பள்ளிச் சட்டம் வரவேண்டும் என்கிறது, போனால் காரணமில்லாத விடுப்பு என்று பதிவேன், அவ்வளவுதான் என்றிருக்கிறார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவு ஒரே அமளி. வயிற்றுவலி என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. மகள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "வயித்துவலின்னு எழுதினா நான் அங்க போனதுக்கு அர்த்தமே இல்லையேப்பா." பதிவேட்டில் அந்த விடுப்பு இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கிறவளுக்கு, அதுவும் பெண்ணுக்கு, அந்தப் படிவம் வரப்போவதே இல்லை என்பதைச் சொல்லிப் பார்த்தேன். கூடப் படிக்கிறவனுக்கு வருமே என்றாள்.

இந்த மூன்று விதிகளை வைத்தே ஆசிரியர்களை மிரட்டவும் முடியும். 2018-ல் ஹாம்புர்க் நகரச் சட்டமன்றத்தில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியின் குழு ஓர் இணையதளம் தொடங்கியது. நடுநிலை தவறும் ஆசிரியர்களைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் புகார் அனுப்பலாமாம். மற்ற மாநிலங்களிலும் அதைப் பின்பற்றினார்கள். அவர்கள் காட்டிய காரணம் பாய்டெல்ஸ்பாக். ஆனால் அந்த மூன்று விதிகளில் ஆசிரியர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. திணிக்காதே என்பது வேறு, கருத்தே இல்லாமல் இரு என்பது வேறு. கேட்டால் ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லலாம். அது தன் கருத்து என்று தெரியும்படி சொல்ல வேண்டும், மறுத்துப் பேசுகிறவனின் மதிப்பெண்ணில் கைவைக்கக் கூடாது. கட்சிகளுக்கிடையே அவர் சாயக் கூடாது, உண்மை. அரசமைப்புச் சட்டத்தைக் காப்பதாக உறுதிமொழி எடுத்து வேலைக்கு வந்தவர் மனித மாண்பின் விஷயத்தில் நடுவில் நிற்க முடியாது. வகுப்பில் ஒருவன் யூத வெறுப்பைக் கக்கினால் 'இதற்கு இரண்டு பக்கம் உண்டு' என்று சொல்லும் ஆசிரியர் விதியைக் காப்பாற்றவில்லை, உடைக்கிறார்.

ஆனால் எல்லாக் கேள்வியும் இவ்வளவு சுலபமில்லை. அரசியலில் சர்ச்சையாக இருந்தால் வகுப்பிலும் சர்ச்சை என்கிறது விதி. நாடாளுமன்றத்தில் இருக்கும் ஒரு கட்சி புவி வெப்பமடைவதற்கு மனிதன் காரணமில்லை என்றால், அது சர்ச்சையாகிவிடுமா? ஆய்வுலகம் இல்லை என்கிறது, அரசியல் ஆமாம் என்கிறது. விதியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 1976-ல் அந்த அறையில் இருந்தவர்கள் எவ்வளவு சண்டை போட்டாலும் உண்மை விவரங்களைப் பற்றிச் சண்டை போடவில்லை போலும். என்ன செய்யலாம் என்பதில் வேண்டிய மட்டும் சர்ச்சை இருக்கட்டும், நடந்திருக்கிறதா என்பதில் வேண்டாம் என்பது என் கட்சி. இதை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு.

2023 ஏப்ரலில் பிராண்டன்பர்க் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் இரண்டு ஆசிரியர்கள், பள்ளியில் ஹிட்லர் வணக்கமும் ஸ்வஸ்திகாவும் அன்றாடமாகிவிட்டன என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சில மாதங்களில் இருவரும் மிரட்டல்களுக்குப் பிறகு அந்த இடத்தை விட்டே போக வேண்டியதாயிற்று. மூன்று விதிகள் வகுப்பறைச் சுவர் வரைக்கும்தான். பேருந்து நிறுத்தத்தில் அவற்றுக்குச் செல்வாக்கு இல்லை.

இந்தக் கல்வியால் பலன் உண்டா என்று கேட்கிறவர்கள் உடனே தேர்தல் முடிவை எடுத்து வைக்கிறார்கள். 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஜெர்மனி முதல்முறையாக 16 வயதினருக்கு வாக்குரிமை அளித்தது. இளையவர்கள் பசுமைக் கட்சிக்குத்தான் போடுவார்கள் என்று பலர் கணக்குப் போட்டிருந்தார்கள். வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பில் 24 வயதுக்குட்பட்டவர்களில் ஏஎஃப்டி சுமார் 16 சதவீதம் வாங்கியிருந்தது. பசுமைக் கட்சி சரிந்திருந்தது. அரசியல் கல்வி தோற்றுவிட்டது என்று கட்டுரைகள் வந்தன. அடுத்த ஆண்டு, 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான யூ18 மாதிரித் தேர்தல் நடந்தது. அதில் இடதுசாரிக் கட்சி முதலிடம். உடனே இன்னொரு கூட்டம், ஆசிரியர்கள் எல்லோரும் இடதுசாரிகள் என்றது. பிள்ளைகள் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதை வைத்துப் பாடத்துக்கு மதிப்பெண் போட்டால் முதல் விதி எதற்கு? முடிவை முன்கூட்டியே உறுதிசெய்யும் பாடத்தை ஏற்கெனவே கிழக்கில் நடத்திப் பார்த்தாயிற்று.

என் குறை வேறு. இந்த விவாதம், சீட்டு, பன்னிரண்டு நிமிடம் எல்லாம் யாருக்குக் கிடைக்கிறது? இந்த மாநிலத்தில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள்: இவள் கிம்னாஸியம், அவன் பத்தாம் வகுப்போடு முடியும் ரியால்ஷூலே என்று. பத்து வயதில். ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட் அறக்கட்டளைக்காக 2019-ல் நடந்த ஆய்வொன்று, கிம்னாஸியம் பிள்ளைகளுக்கே அரசியல் கல்வி அதிகமாகவும் கலந்துரையாடலோடும் கிடைக்கிறது என்று காட்டியது. வீட்டில் செய்தித்தாள் வாங்கும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளியிலும் விவாதம். மற்றவனுக்கு மற்றவனுடைய பாடு. எங்கள் மாடிவீட்டுப் பையன் வேறு வகைப் பள்ளியில் படிக்கிறான், மகளின் வயதுதான். பேச்சில் அவளை மூன்று தடவை விழுங்கிவிடுவான். அவன் வகுப்பில் இதுவரை எந்த விவாதமும் நடந்ததில்லையாம்.

யூ18-ல் ஒரு நல்ல விஷயம், குடியுரிமையைக் கேட்பதில்லை. இளைஞர் மன்றம், நூலகம், பள்ளி என்று எங்கு வேண்டுமானாலும் சாவடி வைத்துக்கொள்கிறார்கள். 18 வயது நிரம்பாத யாரும் வாக்களிக்கலாம். மகள் வாழ்க்கையில் போட்ட ஒரே வாக்கு அதுதான். இந்த மாநிலத்தில் 16 வயதில் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 2022-ல் சட்டமன்றத்துக்கும் வயதைக் குறைத்துவிட்டார்கள். அவளுக்கு இரண்டும் இல்லை. இரட்டைக் குடியுரிமையை ஜெர்மனி 2024 ஜூனில் பொதுவாக அனுமதித்துவிட்டது, இந்தியா அனுமதிப்பதில்லை. ஆக, நாங்கள் இதை எடுத்தால் அதை விட வேண்டும். வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. 16 வயதானதும் அவளே தனியாக விண்ணப்பிக்க முடியும் என்பதை அவள் எங்கோ படித்து வைத்திருக்கிறாள்.

இங்கே பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வு கிடையாது. எனக்கு உண்டு. 310 கேள்விகள் முன்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கின்றன. தேர்வில் 33 வரும், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி. நான்கு விடையில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பழைய குடிமையியல் புத்தி உடனே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பேருந்தில் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். மகளுக்கு விவாதம், அப்பாவுக்கு உருப்போடுதல்.

அதுவரை எனக்கு இந்த நாட்டில் வாக்கு இருக்கும் ஒரே இடம் பெற்றோர் கூட்டம். கல்வியாண்டு தொடங்கிய கொஞ்ச நாளில் வகுப்புப் பெற்றோர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். "யார் நிற்கிறீர்கள்?" என்று கேட்டதும் இருபத்தைந்து பேரும் மேசையில் ஏதோ எழுதியிருக்கிறது போல உற்றுப் பார்ப்பார்கள். போன வருடம் நான் தலையைக் கொஞ்சம் சீக்கிரம் நிமிர்த்திவிட்டேன். துண்டுச்சீட்டில் பெயர் எழுதி, மடித்து, ஒரு பென்சில் டப்பாவில் போட்டு எண்ணினார்கள். போட்டி இல்லாத தேர்தல்தான், ஆனாலும் எண்ணினார்கள்.

பதவி கிடைத்ததும் என்னிடம் வந்த முதல் விஷயம் கழிவறை. இரண்டாவது மாடியில் ஆண்பிள்ளைகள் கழிவறையில் பாதி பூட்டியே கிடக்கிறது. தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதலாம் என்றிருந்தேன். மகள், "அவங்ககிட்ட எழுதி என்ன பிரயோஜனம்? டீச்சருங்கதான் மாநில அரசு, கட்டடம் நகராட்சியோடது" என்றாள். உண்மைதான். நகரமன்றத்தில் ஊர்வாசிகள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கலாம் என்று உள்ளாட்சிச் சட்டம் சொல்கிறது. எங்கள் ஊரில் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, ஊரில் வசித்தால் போதும். மாணவர் பேரவைப் பிள்ளைகள் மூன்று பேர் போனார்கள், நானும் கூடப் போனேன். பேசியது அவர்கள்தான். எத்தனை பிள்ளைகள், எத்தனை கழிவறை, எவ்வளவு நாளாகப் பூட்டு என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார்கள். மேயர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பழுதுபார்ப்பு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்றார். எந்த மாதம் அந்த விவாதம் வரும் என்று பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள். நவம்பர் என்றார்கள். குறித்துக்கொண்டாள்.